வெள்ளைக் குடைக்குள் பச்சைப் பொடி!

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் கொட்டிவிட்டு, மூன்றாம் நாள் காலை லேசாக வெயில் எட்டிப் பார்த்தால் போதும். கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையில் இருக்கும் அணுபுரம் குடியிருப்பில் புல்தரை, வேலியோரம், பூந்தொட்டி, வெட்டிப் போட்ட மரத்துண்டு என்று எங்கு பார்த்தாலும் குட்டிக் குட்டிக் குடைகள் முளைத்து நிற்கும். முதல் நாள் மாலை அதே இடத்தில் நீங்கள் ஓடிப் பிடித்து விளையாடியிருப்பீர்கள். அப்போது ஒன்றுமே இருந்திருக்காது!

பாட்டியைக் கேட்டால் 'நாய்க்குடை' என்பார். பாடப் புத்தகத்தைக் கேட்டால் 'காளான்' என்று சொல்லும். ஆனால், எல்லாக் குடையும் ஒரே காளான் அல்ல. மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று விதவிதமான நிறங்களில் நிற்கும் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பது ஒரு துப்பறியும் கதை போன்றது. இந்தக் கதையில் நம்மை அதிகமாக ஏமாற்றும் ஆசாமி யார் தெரியுமா? பளிச்சென்று நிற்கும் சிவப்புக் காளான் அல்ல, சாதுவாக நிற்கும் ஒரு வெள்ளைக் காளான்!

புரட்டிப் பார்த்தால் பச்சை!

மழைக்குப் பிறகு புல்தரைகளில் வரும் காளான் இது. முதலில் முட்டை போல உருண்டையாக இருக்கும். பிறகு விரிந்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக்கூட வளரும். வெள்ளை வெளேரென்ற தலை, அதன் மேல் பழுப்பு நிறச் செதில்கள், நடுவில் ஒரு பழுப்புத் திட்டு. தண்டில் மோதிரம் போட்டதுபோல ஒரு வளையம். 'அடடா, எவ்வளவு அழகு! குழம்பு வைத்தால் நன்றாக இருக்குமே' என்று பெரியவர்களுக்கே நாக்கில் நீர் ஊறும்.

குடையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். புத்தகத்தின் தாள்கள் போல மெல்லிய தகடுகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றைச் செவுள்கள் என்பார்கள். மீனின் செவுள் போலத் தோன்றுவதால் அந்தப் பெயர். இளம் காளானில் இந்தச் செவுள்கள் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால், காளான் முதிர முதிர அவை சாம்பல் கலந்த பச்சையாக மாறும். யாரோ தூரிகையால் பச்சைச் சாயம் பூசிவிட்டுப் போனதுபோல இருக்கும்!

இதன் அறிவியல் பெயர் 'குளோரோஃபில்லம் மோலிப்டைட்டீஸ்'. பெயரைக் கேட்டதும் ஏழாம் வகுப்பு மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 'குளோரோஃபில்' என்றால் பச்சையம் அல்லவா? அப்படியானால் இந்தக் காளான் செடியைப் போல வெயிலில் உணவு தயாரிக்குமா?

இல்லவே இல்லை! காளான் செடியே அல்ல. அது பூஞ்சை இனம். அதில் துளிகூடப் பச்சையம் கிடையாது. கிரேக்க மொழியில் 'குளோரோஸ்' என்றால் பச்சை, 'ஃபில்லான்' என்றால் இலை. இலை போல மெல்லிதாக இருக்கும் செவுள்கள் பச்சையாக இருப்பதால், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஜார்ஜ் மாஸீ என்பவர் 1898-ல் 'குளோரோஃபில்லம்' என்று பெயர் வைத்தார். பரீட்சையில் நாம் இப்படி எழுதினால் அறிவியல் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்! பெயரின் பின்பாதி இன்னும் பழையது. தென் அமெரிக்காவின் எசெக்விபோ பகுதியில் கிடைத்த இந்தக் காளானுக்கு 1818-லேயே 'மோலிப்டைட்டீஸ்' என்ற சொல்லைச் சூட்டிவிட்டார்கள். ஈயம் போன்ற நிறம் கொண்டது என்று பொருள்.

பச்சையம் இல்லை என்றால் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது? விதைகளிலிருந்து! காளானின் விதையை 'ஸ்போர்' என்பார்கள். தமிழில் வித்து. மாவைவிட நுண்ணிய தூள் அது. இந்தக் காளானின் வித்துகள் சுமார் 100-ஐ வரிசையாக அடுக்கி வைத்தால்தான் ஒரு மில்லி மீட்டர் நீளம் வரும். தனியாக ஒன்று கண்ணுக்கே தெரியாது. கோடிக்கணக்கில் சேரும்போதுதான் அதன் நிறம் தெரியும். பச்சை வித்து உதிர்க்கும் குடைக்காளான்கள் உலகிலேயே மிகச் சில. அதனால், வித்தின் நிறம் பச்சை என்று தெரிந்த அந்த நிமிடமே நம் ஆசாமி மாட்டிக்கொண்டான்!

சாப்பிட்டால் என்ன ஆகும்? ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசையும். வாந்தியும் பேதியும் விடாது. அமெரிக்காவில் காளான் விஷத்தால் மருத்துவமனைக்குப் போகிறவர்களில் மிக அதிகமானோர் இதைச் சாப்பிட்டவர்கள்தான். வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் எல்லாம் இது வளர்கிறது. நம் நாட்டிலும் உண்டு.

கறையான் வளர்க்கும் குடை

இந்த வெள்ளைக் காளானைப் பார்த்து நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கிராமங்களில் மழைக் காலத்தில் விரும்பிச் சாப்பிடும் புற்றுக்காளானும் வெள்ளைக் குடைதான்.

புற்றுக்காளான் கறையான் புற்றிலும் அதைச் சுற்றிலும் வரும். அதைப் பிடுங்காமல் மெதுவாகத் தோண்டிப் பார்த்தால், தண்டு முடிகிற இடத்தில் முடியாது. வேர் போல மண்ணுக்குள் நீண்டுகொண்டே போய், கறையான் கூட்டில்தான் போய் நிற்கும். ஏனென்றால், கறையான்கள் அதைப் பயிர் செய்கின்றன! மரத்தூளையும் சருகையும் மென்று, புற்றுக்குள் தேன்கூடு மாதிரி ஓர் அமைப்பைக் கட்டி, அதன்மேல் இந்தப் பூஞ்சையை வளர்க்கின்றன. கறையானால் எளிதில் செரிக்க முடியாத மரச் சத்தைப் பூஞ்சை பக்குவப்படுத்திக் கொடுக்கிறது. மனிதன் நெல் விதைக்கக் கற்றுக்கொள்வதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கறையான்கள் விவசாயிகள்! (புற்றுக்குள் பாம்பும் குடியிருக்கலாம். தோண்டுகிற வேலை உங்களுக்கு வேண்டாம்.)

இதன் அறிவியல் பெயர் 'டெர்மிட்டோமைசஸ்'. பிரான்சு நாட்டுக் காளான் அறிஞர் ரோஜர் ஹைம் 1942-ல் சூட்டிய பெயர் இது. நம் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தில் பணியாற்றிய கே.நடராஜன், தென்னிந்தியக் காளான்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதியவர். 1979-ல் ஒரு புற்றுக்காளானைப் புதிய இனம் என்று உலகுக்கு அறிவித்தார். ரோஜர் ஹைமைப் பெருமைப்படுத்தும் விதமாக அதற்கு 'டெர்மிட்டோமைசஸ் ஹைமி' என்று பெயர் வைத்தார். காளான் படிப்பில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு, குட்டீஸ்!

கறையானுக்கும் காளானுக்கும் உள்ள உறவு சங்கப் புலவர் கண்ணிலும் பட்டிருக்கிறது. அணுபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால், திண்டிவனம், மரக்காணம் பக்கம்தான் அந்தக் கால ஓய்மாநாடு. அதன் மன்னன் நல்லியக்கோடனைப் பாடும் 'சிறுபாணாற்றுப்படை'யில் ஓர் ஏழை வீட்டு அடுப்படி வருகிறது. குட்டி போட்ட நாய், பால் இல்லாமல் குரைக்கிறது. பழைய சுவரைக் கறையான் அரித்து, அந்தப் புழுதியில் காளான் பூத்திருக்கிறது. காளானுக்குப் புலவர் சொல்லும் பெயர் 'காளாம்பி'. சமைக்க ஒன்றும் இல்லாத வீடு என்பதைக் காட்டத்தான் அவர் காளானைக் காட்டுகிறார்.

சரி, பச்சை வித்துக் காளானையும் புற்றுக்காளானையும் எப்படிப் பிரித்து அறிவது? புற்றுக்காளானின் வித்துப் பொடி வெளிர் இளஞ்சிவப்பு. அந்த ஏமாற்றுக்காரனின் பொடி பச்சை. மேலே இரண்டும் வெள்ளை. வித்தியாசம் எல்லாம் உள்ளே இருக்கிறது!

மேலே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம்

பூந்தொட்டியில் எலுமிச்சம்பழ மஞ்சளில் குட்டிக் குடைகள் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தலை, தண்டு, செவுள் எல்லாமே மஞ்சள். யாரோ பிளாஸ்டிக் பொம்மையைச் செருகி வைத்ததுபோல இருக்கும். 'லூக்கோகோப்ரினஸ் பிர்ன்பாமி' என்பது இதன் பெயர். வெப்ப நாட்டுக் காளானான இதற்குப் பெயர் கிடைத்தது குளிர் நாட்டில்! 1839-ல் பிராகா நகரத்துக் கண்ணாடிக் கூடத்தில் தொட்டிச் செடிகளோடு வளர்ந்ததைப் பார்த்து, அங்கே தோட்டப் பொறுப்பாளராக இருந்த பிர்ன்பாமின் பெயரை வைத்தார்கள். இதன் வித்துப் பொடி வெள்ளை. இதையும் சாப்பிடக் கூடாது. செடிக்கு இது கெடுதல் செய்யாது. தொட்டி மண்ணில் மக்கும் சருகைத் தின்றுகொண்டு அது பாட்டுக்கு இருக்கும்.

சாணத்திலும் குப்பைமேட்டிலும் வரும் மைக்காளான் இன்னும் வேடிக்கை. காலையில் சாம்பல் நிற மணி போல நிற்கும். பொழுது சாய்வதற்குள் ஓரத்திலிருந்து கரைந்து, கறுப்பு மையாகச் சொட்டிவிடும். வித்தும் கறுப்புதான். காய்ந்த மரக்கட்டையில் விசிறி மாதிரி ஒட்டிக்கொண்டு, செங்காவி நிறத்தில் பளபளக்கும் மரக்காளானைப் புரட்டினால் செவுளே இருக்காது. ஊசியால் குத்தியதுபோல நுண்ணிய துளைகள்தான் இருக்கும். வித்துகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் உதிரும்.

நீலத்தில் காளான் உண்டா? உண்டு! நியூசிலாந்தின் 50 டாலர் நோட்டில் அதன் படமே இருக்கிறது. வானத்தைப் பிழிந்து ஊற்றியது போன்ற நீலம். பக்கத்திலேயே 'கோகாகோ' என்ற பறவையும் இருக்கும். அந்தப் பறவையின் கன்னத்தில் தொங்கும் நீலச் சதை, இந்தக் காளானில் கன்னத்தை உரசியதால் வந்தது என்று மாவோரி மக்கள் கதை சொல்வார்கள். காளானின் பெயர் 'என்டோலோமா ஹோக்ஸ்டெட்டரி'. உடம்பு முழுக்க நீலமாக இருந்தாலும், இதன் வித்துப் பொடி இளஞ்சிவப்பு!

2024-ல் தெலங்கானாவின் காகஜ்நகர் காட்டுப் பகுதியில் ஒரு நீலக் காளான் தென்பட்டது. நியூசிலாந்துக் காளான் நம் நாட்டில் என்று படத்துடன் செய்திகள் வந்தன. ஆனால், இதே போன்ற நீலத்தில் ஆசியாவில் வேறு என்டோலோமா இனங்களும் இருக்கின்றன. அவற்றைப் படத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. வித்தை நுண்ணோக்கியில் வைத்து, அதன் கோணங்களையும் அளவையும் பார்க்க வேண்டும். சில சமயம் மரபணுவையும் சோதிக்க வேண்டும். செல்போனில் படம் எடுத்துப் போட்டால் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது வந்துவிட்டன. அவை குடையின் மேல்பக்கத்தைப் பார்த்துச் சொல்லும் யூகத்தைப் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. நம் வெள்ளைக்காரனையே எடுத்துக்கொள்ளுங்கள். இளசாக இருக்கும்போது அவனுடைய செவுளும் வெள்ளை. படத்தில் பச்சையே வராதே!

பாட்டி வைத்திய சோதனைகள்

'காளானோடு வெள்ளிக் காசைப் போட்டுக் கொதிக்க வை. காசு கறுத்தால் விஷம்' என்பார்கள் சிலர். 'பூண்டு கறுத்தால் விஷம்' என்பார்கள் வேறு சிலர். 'நத்தை தின்றிருக்கிறது, புழு அரித்திருக்கிறது, அப்படியானால் நல்ல காளான்தான்' என்பதும் உண்டு. 'பளிச்சென்ற நிறம் என்றால் விஷம், வெள்ளை என்றால் நல்லது' என்பதும் உண்டு. இவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. நத்தைக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ளாது. உலகின் மிகக் கொடிய காளான்களில் சில தூய வெள்ளை நிறத்தவை. 'அமானிட்டா' என்ற வகையைச் சேர்ந்த அவற்றின் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரம் அல்லது அதற்கும் மேல் எந்தத் தொல்லையும் இருக்காது. அதற்குப் பிறகு வாந்தி வரும், நிற்கும், சரியாகிவிட்டது என்று தோன்றும். அதற்குள் விஷம் கல்லீரலைப் பாழாக்கத் தொடங்கியிருக்கும்.

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளானைச் சமைத்துச் சாப்பிட்ட 13 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். காலங்காலமாகக் காளான் பறித்துச் சமைத்த அனுபவம் உள்ள குடும்பங்கள்தான் அவை.

அதனால் ஒன்று மட்டும் கண்டிப்பு: இந்தப் பக்கத்தில் படித்ததை வைத்து எந்தக் காளானையும் சாப்பிடலாம் என்று முடிவு செய்யாதீர்கள். பச்சைப் பொடி வந்தால் விஷம் என்று தெரியும். ஆனால், வெள்ளைப் பொடி வந்தால் நல்லது என்று அர்த்தம் இல்லை. அமானிட்டாவின் பொடியும் வெள்ளைதான்! வீட்டில் யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மீதமிருக்கும் காளானையோ, சமைத்த குழம்பையோ ஒரு டப்பாவில் போட்டுக் கையோடு கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

பொடிப் படம் எடுப்போமா?

சாப்பிடாமல் பார்ப்பதில் தவறில்லை. தொட்டால் விஷம் ஏறாது. ஆனால், கையை வாயில் வைக்கக் கூடாது, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அப்பா, அம்மா யாராவது கூட இருக்கட்டும். சமையலறைப் பாத்திரங்களைத் தொடாதீர்கள். காளான் வேலைக்கென்று ஒரு பழைய கண்ணாடி டம்ளரை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் முயற்சிக்குக் காட்டுக்குப் போக வேண்டாம். கடையில் விற்கும் சிப்பிக்காளான் போதும். தண்டை வெட்டிவிட்டு, விரிந்த தலையை மட்டும் எடுங்கள். ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கறுப்புத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டின் மேலும் பாதிப் பாதி படும்படி, செவுள்கள் கீழே இருக்குமாறு தலையை வையுங்கள். இரண்டு தாள் எதற்கு? வெள்ளைப் பொடி வெள்ளைத் தாளில் தெரியாது, கறுப்புப் பொடி கறுப்பில் தெரியாது, அதற்குத்தான். தலையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரால் மூடுங்கள். மூடாவிட்டால் மின்விசிறிக் காற்று பொடியை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும். இடையில் தூக்கிப் பார்த்தால் படம் கலைந்துவிடும்!

காலையில் டம்ளரை எடுத்துவிட்டு, தலையை நேராக மேலே தூக்குங்கள். சக்கரத்தின் ஆரக்கால்கள் போலச் செவுள்களின் அச்சு அப்படியே தாளில் விழுந்திருக்கும். சிப்பிக்காளான் வெள்ளையாகவோ, லேசான ஊதா கலந்தோ விழும். மொட்டுக்காளானைச் செய்து பார்க்க வேண்டுமானால், கடையில் நன்றாக விரிந்து, அடியில் பழுப்புச் செவுள் தெரிகிற ஒன்றைத் தேடி எடுங்கள். அதன் பொடி சாக்லேட் நிறம். வைக்கோல் காளான் இளஞ்சிவப்பு. பிறகு மழைக்காலம் வரும்போது, பெரியவர் துணையுடன் புல்தரைக் காளானை எடுத்துப் பாருங்கள். பறிப்பதற்கு முன்பே அது புல்லில் வந்ததா, மரத்தில் வந்ததா, புற்றருகே வந்ததா, தனியாக நின்றதா, வட்டமாகக் கூட்டமாக நின்றதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் குடைகள் வட்டமாக நின்றால் சந்தேகப்படுங்கள். பச்சை வித்துக்காரன் அப்படி நிற்பது உண்டு. மண்ணுக்குள் அதன் இழைகள் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் பரவிப் போய், வெளி ஓரத்தில் குடை விரிப்பதால் வரும் வட்டம் அது. தாளின் ஓரத்தில் தேதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். தேதி இல்லாத பொடிப் படம் வெறும் கறைதான்.

ஒருவேளை காலையில் தாள் சுத்தமாக இருக்கிறதா? காளான் இன்னும் விரியாத பிஞ்சாக இருந்திருக்கும், அல்லது மழையில் நனைந்து எல்லாவற்றையும் ஏற்கெனவே உதிர்த்திருக்கும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, சாயங்காலம் வேறு ஒன்றைத் தேடுங்கள். கார்த்திகை முடிய மழை இருக்கிறதே!